எதிர்வீட்டு ரிமோட்

ஜூன் 3

அதெல்லாம் செல்லாதுடா. நீ ஆயிரம் சொல்லு, அந்த ஆள் நான் இல்லேன்னு சொன்னா நம்பறதுக்கு நான் என்ன காதுல பூ வெச்சுக்கிட்டா உட்கார்ந்திருக்கேன்? உன் நாடகத்துல அண்ணன்காரன் டிவி மெக்கானிக். நானும் டிவி மெக்கானிக். அவன் கடை மாடிப்படிக்குக் கீழே. என் கடையும் மாடிப்படிக்குக் கீழே. அவனுக்கு ஊமைக்கோட்டானா ஒரு தம்பி. எனக்கும் ஒண்ணு வாய்ச்சிருக்கு. அப்புறம் என்ன, 'அது கற்பனைப் பாத்திரம்'?

நேத்து போன்ல இதைத்தான் கேட்டேன். பாதிலயே வெச்சுட்ட. 'உன்கூட போன்ல பேசவே முடியாது, எழுதி அனுப்பு'ன்னு ஒரு உத்தரவு வேற. சரி, எழுதறேன். எட்டாவதோட நின்னவன் எழுத்து, முன்னப்பின்னத்தான் இருக்கும். நாடகத்துக்கு வசனம் எழுதற பெரிய மனுஷன் பொறுத்துக்கணும்.

என் பழக்கம் உனக்குத் தெரியும். ரிப்பேர் முடிஞ்ச செட்டை உடனே குடுக்க மாட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஓடவிட்டு, சூடு ஏறினா மறுபடி படுத்துக்குதான்னு பார்த்துட்டுத்தான் குடுப்பேன். முந்தாநாள் அப்படி ஏழு செட்டு சுவரோரமா ஓடிக்கிட்டிருந்துச்சு. ஏழுலயும் அந்தச் சால்வை. அதான், என்னைப் போல நடிக்கறானே, வெயில் காலத்துலயும் சால்வை போர்த்திக்கிட்டு, அவன். அவன் பக்கத்துல நீ. பேட்டியாம். பேட்டி எடுத்த பொண்ணு உன்கிட்ட ஏதோ கேட்டுச்சு. நீ அவனைப் பார்த்து, 'இதை அண்ணேதான் சொல்லணும்'ன்னு சொன்ன.

அண்ணே. ஏழு வாயால சொன்னடா!

வீட்டை விட்டுப் போனதுலேர்ந்து என்னை ஒரு தடவ அப்படிக் கூப்பிட்டிருக்கியா? 'ம்.' 'சரி.' 'அண்ணிகிட்ட குடு.' இதுதானே என் பங்கு?

பேட்டி முடிஞ்சு நாடகம் வந்துச்சு. அதுல தம்பிக்காரன் உட்கார்ந்து கதை சொல்றான். என்ன கதை? நம்ம டீச்சரம்மா டிவி கதை! சாயங்காலமானா அந்தம்மா டிவி தானா அணைஞ்சு போகும், ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியல, கடைசில பார்த்தா சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுல அதே கம்பெனி டிவி, அந்த வீட்டு ரிமோட்டை அமுக்கினா இந்த வீட்டு டிவி அணையுது. என் கதை. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் நான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவெச்ச கதை. அதைத் தம்பிக்காரன் சொல்றான், சால்வை வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கான். பாதிலயே ஏழு செட்டையும் அணைச்சுட்டேன்.

மாடிக்குப் போனா உங்க அண்ணி வீட்டு டிவி முன்னாடி கண்ணைத் துடைச்சுக்கிட்டிருக்கா. "அவர் எப்படிக் கேட்டுக்கறார் பாருங்க! தம்பி சொல்லி முடிக்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல"ங்கறா. கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னை 'அவர்'னு இவ்வளவு அழகா சொன்னதே இல்ல.

பதில் போடு. அவன் யார் உனக்கு?

உன் அண்ணன் (சால்வை இல்லாதவன்)


ஜூன் 14

உன் கடுதாசி வந்துச்சு. அதையே திருப்பி அனுப்பறேன். நடுநடுவுல சிவப்பு மசில இருக்கறது நான். பேப்பர் மிச்சம்.

ஜூன் 10

மதிப்பிற்குரிய மெக்கானிக் அவர்களுக்கு,

(மதிப்பிற்குரியவா? உதைக்கணும் உன்னை.)

நலம்தானே? அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

(முழங்காலுக்கு ஒரு கேடும் இல்ல. உன் நாடகம் ஆரம்பிச்சா மாடிப்படிய ரெண்டு ரெண்டா ஏறுறா.)

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

(என்னைக்குடா என்னை 'நீங்கள்'னு சொன்ன? வேட்டியப் பிடிச்சு இழுத்து 'நீ வாடா'ன்னவன்தானே?)

அந்தப் பாத்திரம் நீங்கள் இல்லை. கடையும் மாடிப்படியும் உங்களுடையவை; ஆள் வேறு. முதலில் உங்களைத்தான் எழுதினேன். முதல் காட்சியில் தம்பி வாயைத் திறந்தான், அண்ணன் முந்திக்கொண்டு பேசிவிட்டான். இரண்டாவது காட்சியிலும் அப்படியே. தம்பிக்கு வசனமே எழுத முடியவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணனைப் பேசாத மனிதனாக மாற்றினேன்.

(அதானே பார்த்தேன். என் நாக்கை அறுத்து அந்தத் தம்பிக்காரனுக்கு ஒட்டவெச்சுட்டு, எனக்குச் சால்வை போர்த்தியிருக்க.)

நீங்கள் கேலி செய்கிற அந்த மனிதர் படப்பிடிப்பு இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் எதையாவது சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்துவேன். பழக்கதோஷம். யாராவது மீதியை முடித்துவிடுவார்கள் என்று காத்திருப்பேன். அவர் "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். அவரை அண்ணே என்று கூப்பிட எனக்கு வாய் தானாக வந்தது.

(அப்புறம்? அப்புறம்? அப்புறம்? இந்தா, மூணு தடவ கேட்டாச்சு. இந்த ஒரு வார்த்தைக்கா அண்ணன் பட்டம்? தெரிஞ்சிருந்தா டஜன் கணக்குல எழுதி அனுப்பியிருப்பேனே.)

எனக்கு 'மியூட்டு' என்று பெயர் வைத்தது நீங்கள். ரிமோட்டில் சத்தத்தை அடைக்கிற பொத்தானின் பெயர். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பேருந்தில் டிக்கெட் கொடுத்தவர்கூட "என்ன மியூட்டு, எங்க பயணம்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பேருந்தே சிரித்தது.

(பாசத்துல வெச்ச பேருடா. ரிமோட்டுல இருக்கறதுலயே எனக்குப் பிடிச்ச பட்டன்.)

டீச்சரம்மா கதை உங்களுடையது அல்ல. அந்த வீட்டில் சாயங்காலங்களில் போய் உட்கார்ந்து விஷயத்தைக் கண்டுபிடித்தவன் நான். கடைக்கு வந்து சொல்லத் தொடங்கினேன். 'எதிர்வீட்டில்' என்று சொல்லி மூச்சு வாங்கினேன். நீங்கள் "ரிமோட்டு!" என்று கத்தினீர்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அது உங்கள் கதை ஆகிவிட்டது. ஆனால் அது அங்கே முடிகிற கதை இல்லை. அதற்குப் பிறகு

(தெரியும், தெரியும். எதிர்வீட்டு ரிமோட்டு. ஊர் முழுக்க நானே சொல்லியாச்சு, எனக்கே கதை சொல்ல வந்துட்டான். இதுக்குக் கீழே நீ எழுதியிருந்ததைப் படிக்காமலே மசியால அடிச்சுட்டேன். முடிவு தெரிஞ்ச கதைய எவன் படிப்பான்?)


ஜூன் 20

கடிதம் வந்தது. போனில்தான் குறுக்கே வருவீர்கள், காகிதத்தில் வர முடியாது என்று நம்பினேன். என் கையெழுத்துக்கு நடுவிலும் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது.

பொறாமை உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கடையில் பேசிக்கொண்டிருக்கும்போது, செட் தயாரான பிறகும் ஆட்கள் எழுந்து போகமாட்டார்கள். நான் உள்ளே சால்டரிங் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாளாவது அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும் என்றுதான் வசனம் எழுத வந்தேன். இப்போது ஊர் ஊராக என் வசனத்துக்குச் சிரிக்கிறார்களாம். சொல்கிறார்கள். சிரிக்கிற சத்தம் என் காதில் விழுவதில்லை. உங்களுக்கு அது தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தச் சால்வைக்காரரைப் பார்த்து நீங்கள் பொறாமைப்படுகிறீர்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

அண்ணி போனில் எல்லாவற்றையும் சொன்னார். தெருவில் பாதி வீட்டு டிவி உங்களிடம் இருக்கிறதாம். எல்லாம் எப்போதோ சரியாகிவிட்டதாம். 'பார்ட்ஸ் வரல, பார்ட்ஸ் வரல' என்று சொல்லி, மாடியில் என் அறையில் அடுக்கி வைத்திருக்கிறீர்களாம். தம்பியின் நாடகத்தைத் தெருவே பார்க்கக்கூடாது என்று வீட்டுக்கு வீடு டிவியைப் பிடித்து வைக்கிற அண்ணனை நான் எழுதிக் கொடுத்தால், 'கொஞ்சம் நம்புகிற மாதிரி எழுதுங்கள் சார்' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று. நாடகம் முடியப்போகிறது. கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. தம்பி வீட்டுக்கு வருகிறான். மனதில் இருக்கிறதை முழுவதும் பேசி முடிக்கிறான். அதற்கு அண்ணன் என்ன சொல்வான்? எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. எனக்குத் தெரியாது. நான் எதையும் பேசி முடித்து, அதற்கு நீங்கள் ஒரு பதில் சொல்லி, நான் கேட்டதே இல்லையே.

சால்வைக்காரர் சொல்கிறார்: "வசனம் வேணாம் தம்பி. நான் அழுதுடறேன், பார்க்கறவங்க புரிஞ்சுப்பாங்க." அப்படியே விட்டுவிடப்போகிறேன்.

இனி எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.


ஜூன் 25

பிரிப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல அடுத்த வீட்டுத் தபாலையே பிரிச்சவன்டா நீ.

அழுவானாமா! நான் சொல்ல வேண்டிய பதிலுக்கு அவன் அழுவானாமா! என் கடை, என் மாடிப்படி, என் தம்பி, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாச்சு. இப்ப என் பதிலும் வேணுமா அவனுக்கு? அதுவும் எப்படி, சால்வைய மூக்குல வெச்சு உறிஞ்சிக்கிட்டு! நான் என்னைக்குடா அழுதேன்? நீ பஸ் ஏறின அன்னைக்குக்கூட நான் அழல. கண்ணுல சால்டரிங் புகை பட்டுச்சு.

கேளு. இந்தத் தடவ விளையாட்டுக்குச் சொல்லல. நீ கிளம்பி வா. வந்து, அந்த நாடகத்துல தம்பிக்காரன் என்ன பேசணுமோ அதை என்கிட்ட பேசு. நான் வாயே திறக்க மாட்டேன். நீ முடிச்சப்புறம் பதில் சொல்றேன். அது அழுகையா, உதையா, என்னன்னு எனக்கும் தெரியல. ஆனா அது என் பதில். சால்வை அதைக் கடன் வாங்கி நடிச்சுக்கட்டும்.

முடியாதுன்னு நீ சிரிப்ப. அதான் பழகிப் பார்த்தேன். நேத்து ஒரு நாள் முழுக்க கடையில பேசல. பேக்கரிக்காரர் வந்து ரிமோட்டு வேலை செய்யலன்னு சொல்ல ஆரம்பிச்சார். நான் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தேன். அந்த மனுஷன் ரிமோட்டுல ஆரம்பிச்சு, மருமகள் சண்டையில போய், தன் காது கேக்காம போனது வரைக்கும் சொல்லி முடிச்சுட்டு, "உங்களுக்கு உடம்புக்கு என்ன?"ன்னு கேட்டார். உங்க அண்ணி வந்து நெத்தியத் தொட்டுப் பார்த்தா. சாயங்காலம் தெருவுல, மெக்கானிக்குக்கு வாய் இழுத்துக்கிச்சாம்னு பேச்சு.

இன்னொண்ணும் தெரிஞ்சுச்சு. அந்த ஆளோட காது விஷயம் எனக்கு இத்தனை நாளாத் தெரியாதுடா. அவர்கிட்ட தினம் ஜோக்கு சொல்லியிருக்கேன். அவர் எதுக்குச் சிரிச்சாரோ!

டிவி எல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன். முடிவெட்டறவன் செட்டு மட்டும் இருக்கு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "உங்களைவிட அந்தச் சால்வைக்காரர்தான் உங்களை மாதிரி இருக்கார்"ங்கறான். கிடக்கட்டும் இன்னும் கொஞ்ச நாள்.

உன் ரூம் இப்ப காலி. பெருக்கிட்டேன். ஜன்னல் கொக்கி மாத்திட்டேன். படுக்கைய வெயில்ல போட்டது உங்க அண்ணி, நான் இல்ல.

வர்றியா?


ஜூலை 1

பிரித்தேன்.

வருகிறேன். ஒன்பதாம் தேதி. அன்று சாயங்காலப் பேருந்திலேயே திரும்ப வேண்டும். மறுநாள் கடைசிக் காட்சி.

நான் பேசி முடிக்கிறவரை வாய் திறக்கக்கூடாது. செருமக்கூடாது. அண்ணியைப் பார்த்துக் கண்ணடிக்கக்கூடாது. 'தெரியும்' என்று தலையாட்டவும் கூடாது. நடுவில் ஒரு சத்தம் வந்தாலும் எழுந்து போய்விடுவேன். பிறகு அந்தக் காட்சியில் அவரே அழட்டும்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நடுவில் நிறுத்தினால் நீங்கள் முடித்துவைப்பீர்கள் என்கிற தைரியத்திலேயே இவ்வளவு காலம் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. அந்தத் தைரியம் இல்லாமல் பேச வருமா என்று தெரியவில்லை.


ஜூலை 9

மேஜைக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கற தம்பிக்கு,

நீ பேசி முடிச்சுட்ட. இப்ப நான் பேசலாம்னு சொல்லிட்ட. ஆனா வாயத் திறந்தா என்ன வருமோன்னு எனக்கே பயமா இருக்கு. அதான் பில்லு பொஸ்தகத்துப் பின்பக்கத்துல எழுதறேன். நீ அங்கேர்ந்தே தலைகீழா படிக்கற. படி, படி.

முதல்ல ஒண்ணு. நான் செருமல. அது நாற்காலி.

நீ எங்கெங்கயோ சுத்திட்டுக் கடைசில அந்த டீச்சரம்மா கதைக்கு வந்த பாரு, அப்பத்தான்டா எனக்கு உயிர் போச்சு. 'எதிர்வீட்டுல'ன்னு சொல்லிட்டு, வேணும்னே நிறுத்தி என் மூஞ்சியப் பார்த்த. தொண்டை வரைக்கும் வந்துச்சு ரிமோட்டு. துண்டைக் கடிச்சுக்கிட்டேன். உங்க அண்ணி என் கையப் பிடிச்சுக்கிட்டா. நீ அப்படியே உட்கார்ந்திருந்த. நானும் அப்படியே. நம்ம கடையில ஒரு டிவியும் ஓடாம இவ்வளவு நேரம் இருந்ததே இல்ல.

அப்புறம் நீ சொன்ன. எதிர்வீட்டுல இருந்த அந்த ரிட்டயர்டு கணக்கர் தெரியாம அமுக்கல, தெரிஞ்சேதான் அமுக்கினார்னு. டிவி அணைஞ்சா டீச்சரம்மா பால்கனிக்கு வந்து, "சார், உங்க வீட்டுல கரண்ட் இருக்கா?"ன்னு கேக்கும். "இருக்கேம்மா. நீங்க சாப்பிட்டாச்சா?"ன்னு அவர் கேப்பார். நாள் முழுக்க அவர்கிட்ட யாரும் பேசற ஒரே பேச்சு அதுதான்னு. அவர் உன் கையப் பிடிச்சுக்கிட்டு, "சொல்லிடாதேப்பா"ன்னாருன்னு. நீ டீச்சரம்மாகிட்ட போய் எப்படிச் சொல்றதுன்னு முழிச்சப்போ அந்தம்மா சிரிச்சுட்டு, "எனக்கு முதல் வாரமே தெரியும் தம்பி. ஊர்லேர்ந்து வந்த என் பையன்தான் செட்டை உங்க கடைக்குத் தூக்கிட்டு வந்துட்டான். நீ சரி பண்ணிடாதே"ன்னு சொன்னாங்கன்னு.

டேய்! இத்தனை வருஷமா ஊர் பூரா நான் பாதிக் கதைய வெச்சுக்கிட்டாடா பேர் வாங்கினேன்? அதுவும் உப்புச் சப்பில்லாத பாதி! முடிவு உன் பாக்கெட்டுல இருந்திருக்கு. அதை எடுத்து முதல்ல காட்டினது யாருக்கு? சால்வைக்கு! எனக்கு வயிறு எரியுதுடா. நிஜமா எரியுது. அன்னைக்கு அந்த ஏழு செட்டை அணைக்காம இருந்திருந்தா நானும் கேட்டிருப்பேன். உங்க அண்ணி எதுக்கு அழுதான்னு இப்பத்தான் தெரியுது. அவன் சால்வைக்காக இல்ல.

நீ 'சரி பண்ணிடாதே'ன்னு முடிச்சப்போ உங்க அண்ணி சிரிச்சா. நானும் சிரிச்சேன். துண்டு வாயில இருந்ததால சத்தம் சரியா வரல. இருந்தாலும் உன் காதுல விழுந்துச்சுல்ல? விழுந்துச்சுன்னு உன் மூஞ்சி சொல்லுச்சு. அது உனக்குத்தான். இலவசம்.

அந்தக் கணக்கராவது ஒரே ஒரு டிவிய அணைச்சார். நான் தெருவையே அணைச்சேன். என்ன பண்றது, எனக்கு எல்லாமே கொஞ்சம் ஜாஸ்தி.

இப்ப உன் கடைசி சீனுக்கு வர்றேன். எல்லாத்தையும் சொல்லிட்டு, "அவ்வளவுதான். இப்ப நீ சொல்லு அண்ணே"ன்ன. 'நீங்க' இல்ல, 'நீ'. அப்புறம் அந்த வார்த்தை. எனக்குக் கேட்டுச்சு, கேக்காத மாதிரி இருந்துட்டேன். திரும்பச் சொல்லுவியோன்னுதான்.

பதில் என்னன்னா, எனக்கு வாயில வந்தது ஒரே ஒரு வார்த்தைடா. 'அப்புறம்?' அது அவன் வார்த்தை. அவன் எச்சில். செத்தாலும் அதைச் சொல்ல மாட்டேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தேடித்தேடிப் பார்த்தேன், வேற ஒண்ணுமே வரல. சரி, எழுதினா அது பேச்சு ஆகாது. அதனால எழுதறேன்.

அப்புறம்?

ஏன்டா சிரிக்கற? சிரிக்காத. இதை அந்தச் சீன்ல வெச்சா நான் சொன்னதுன்னு பேர் போடணும். அவன் அழக்கூடாது. சால்வையக் கழட்டச் சொல்லு, பார்க்கறப்பவே எனக்கு வேர்க்குது. அவனுக்கு முடி அவ்வளவு அடர்த்தியா இருக்கத் தேவையில்ல. இன்னொண்ணு, அவனை நீ இனிமே சார்னு கூப்பிடு. அண்ணே வேணாம். ரொம்ப ஆசையா இருந்தா பெரியவரேன்னு கூப்பிடு, அவன் வயசு தெரியட்டும். அதோட மியூட்டுன்னு நான் வெச்ச பேரை வாபஸ் வாங்கறதப் பத்தி யோசிக்கறேன். யோசிக்கறேன்னுதான் சொன்னேன். ஊர்ல புதுசா ஒரு பேர் பரவறதுக்கு

என்னடா, ரிமோட்டை எடுத்து என் பக்கம் காட்டற? அமுக்கு. நல்லா அமுக்கு. அதுல பேட்டரியே இல்ல. இப்ப எதுக்குப் பெட்டியத் தூக்கற? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? உட்காருடா. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல, வேணும்னா அவன் அழட்டும், தாராளமா அழட்டும், சால்வையோடயே அழட்டும். நீ இரு. வாசல் அந்தப் பக்கம்

ஓ.

மாடிக்கா?

மூணாவது படி ஆடும்டா, பார்த்து. கொக்கி புதுசு, மேல தூக்கிட்டு இழுக்கணும். டேய், அங்கேர்ந்து எப்படிப் படிப்ப? இறங்கி வாடா, நான் இன்னும் முடிக்க